பட்டாளத்துக்காரங்களுக்கு தலையையும் மனசையும் சேர்த்து பாக்கற கிளினிக், மதுரை கே.கே. நகர் பக்கம் – 5க்கு 4

எக்ஸ் சர்வீஸ்மேன் குடும்பங்களுக்காகத்தான் இத எழுதறேன். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், டி.கல்லுப்பட்டி பக்கமெல்லாம் தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு இருக்கு, யாருக்காச்சும் கண்டிப்பா பயன்படும். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

எதுக்கு 4 ஸ்டார்னு மொதல்லயே சொல்லிடறேன். எங்க அண்ணன பாத்து "குண்டு வெடிச்ச எடத்துல பக்கத்துல இருந்திருக்கீங்களா, எத்தன தடவ"ன்னு கேட்ட மொத டாக்டர் இந்த கிளினிக் டாக்டர்தான். அதுக்கு முன்னாடி பாத்த எடத்துல எல்லாம் "குடிப்பீங்களா, சுகர் இருக்கா, வீட்ல எதும் பிரச்சனையா" இந்த மூணோட முடிஞ்சிரும்.

அண்ணன் மெட்ராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டன்ல ட்ரெயினிங், ஹவில்தாரா பென்ஷன் வந்தாரு. காஷ்மீர்ல ஆர்ஆர்ல, அதாவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ்ல இருந்தப்ப ரோட்டோரம் பொதச்சு வச்ச ஐஇடி குண்டு வெடிச்சிருக்கு, முன்னால போன வண்டிக்குத்தான் அடி, இவருக்கு வெளிய ஒரு கீறல் கெடையாது, கொஞ்ச நேரம் எங்க இருக்கோம்னே தெரியாம உக்காந்திருந்துட்டு அப்பறம் எந்திரிச்சு கூட்டாளிங்கள தூக்க போயிருக்காரு, மறுநாளே ட்யூட்டி. இது போக பல வருஷம் 84 எம்எம் ராக்கெட் லாஞ்சர் ஃபயரிங்லயும் இருந்தவரு.

வீட்டுக்கு வந்தப்பறம்தான் எங்களுக்கு தெரிய ஆரம்பிச்சது. தலைவலி, ட்யூப்லைட் வெளிச்சம் ஆகாது, ரேஷன் கடைக்கு கெளம்பி பாதி வழில எதுக்கு வந்தோம்னு மறந்து நிக்கறது, காதுக்குள்ள எந்நேரமும் ஙொய்ங்னு சத்தம், ராத்திரி தூங்காம மொட்டமாடில நடக்கறது, கேட்டு பூட்ட திரும்பத் திரும்ப போயி இழுத்துப் பாக்கறது, பஸ்ல ஏறுனா படி ஓரமாத்தான் நிப்பாரு சீட்டு காலியா இருந்தாலும் உள்ள போக மாட்டாரு, பிள்ளைங்க கைல இருந்து தட்டு விழுந்தாகூட கத்திருவாரு. நம்ம பக்கம் எழவுக்கு வெடி போடாம தூக்க மாட்டாங்க, பொங்கல்னா அதிர்வேட்டு, காதுகுத்துன்னா சரவெடி, சிவகாசி வேற பக்கத்துலயே இருக்கு, வருஷத்துல பாதி நாளு அவருக்கு நரகமாத்தான் போச்சு. நெருங்குன சொந்தத்துல எழவு, அதுக்குகூட வரலன்னு பங்காளிங்க பேச்சு வார்த்தைய நிறுத்துனாங்க.

ஊர்ல ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. கோடாங்கிகிட்ட குறி கேட்டாச்சு, கயிறு மந்திரிச்சு கட்டியாச்சு. கேன்டீன் கோட்டா சரக்குதான் காரணம்னு நெறைய பேரு முடிவே பண்ணிட்டாங்க. டவுன்ல ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு போனோம், பேரு வேணாம், சிடி ஸ்கேன் எடுத்தாங்க, நார்மல், "ஒன்னும் இல்ல, டென்ஷன்"னு தூக்க மாத்திர எழுதி அனுப்பிட்டாங்க. நார்மல்னு அந்த ரிப்போர்ட் வந்தப்பறம்தான் நெலம இன்னும் மோசமாச்சு. ஒன்னுமே இல்லாதப்ப இவரு ஏன் இப்படி பண்றாருங்கற பேச்சு வீட்டுக்குள்ளயே வந்துருச்சு பாருங்க, அதுதான் அவர ரொம்ப நோகடிச்சது.

இங்க டாக்டர் முன்னாடி மிலிட்டரி ஆஸ்பத்திரில வேலை பாத்தவரு. "வாங்க ஹவில்தார், உக்காருங்க"ன்னு சொல்லி ரூம்ல லைட்ட கொறச்சாரு, அண்ணன் கதவ பாத்த மாதிரி சேர திருப்பி போட்டப்ப ஒன்னும் சொல்லல. அப்பறம் கேட்டாரு, வெடிச்சப்ப எவ்வளவு தூரத்துல இருந்தீங்க, நெனவு போச்சா, வெடிக்கறதுக்கு சத்த முன்னாடி நடந்தது ஞாபகம் இருக்கா, அதுக்கப்பறம் நடந்தது எதுல இருந்து ஞாபகம் இருக்கு, வாந்தி வந்துச்சா, காது அடைச்சுதா, அதுக்கு முன்னாடி பின்னாடி வேற எங்கயும் தலைல அடி உண்டா, பாக்ஸிங் ஆடுனீங்களா. கடைசில "வாசனை தெரியுதா"ன்னு கேட்டாரு. அண்ணன் பதில் சொல்லல. எங்க மதினி அங்கயே அழுதுட்டாங்க. மல்லிகப்பூ வாங்கிட்டு வந்தாலும் ஒன்னும் சொல்ல மாட்டாரு, பால் பொங்கி கருகுனாலும் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, கறிக்கொழம்பு வச்சா சப்புனு இருக்குன்னு தட்ட தள்ளுவாரு, இத்தன வருஷமா தன் மேல வெறுப்புன்னு அவங்க நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. தலை பலமா அதிர்ந்தா மூக்குல இருந்து மூளைக்கு போற மெல்லிசான நரம்பு அறுந்து வாசனை போகலாமாம். இந்த ஒரு கேள்விக்கே நான் இந்த எடத்துக்கு கடமைப்பட்டிருக்கேன்.

ஸ்கேன் நார்மல்னா எப்படி பாதிப்புன்னு கேட்டேன். பானைய வேகமா ஒரு ஆட்டு ஆட்டுனா பானைல விரிசல் இருக்காது, ஆனா உள்ள இருக்கற தயிரு கலைஞ்சிரும், மண்டையும் அப்படித்தான்னாரு. வெடிச்ச அலை காத்து வழியா வந்து ஒடம்பு மேல அடிக்கறப்ப மூளைல இருக்கற நரம்பு இழைங்க இழுபடும், அது சிடில தெரியாது, எம்ஆர்ஐலயும் பல பேருக்கு தெரியாது. நெனவு தப்புனது அரை மணி நேரத்துக்குள்ள, கொழப்பமோ மறதியோ ஒரு நாளுக்குள்ள, சிடி நார்மல், இதுக்கு பேரே மைல்ட் டிபிஐ, அதாவது லேசான மூளைக்காயம், கன்கஷன்னும் சொல்லுவாங்க. பேருதான் மைல்டு. பெரும்பாலானவங்களுக்கு மூணு மாசத்துக்குள்ள சரியாயிரும், கொஞ்சம் பேருக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும், திரும்பத் திரும்ப வெடிச் சத்தத்துல இருந்தவங்களுக்கும் மனசுலயும் அடி வாங்குனவங்களுக்கும் ஆற ரொம்ப நாளாகும். அமெரிக்க ராணுவத்துல 2000ல இருந்து எண்ணுனதுல 4 லட்சம் பேருக்கு மேல டிபிஐ, அதுல பத்துக்கு எட்டு இந்த மைல்டு வகைதானாம். 2020 ஜனவரில ஈராக்ல அல் அசாத் தளத்து மேல ஈரான் ஏவுகணை விட்டுச்சே, அப்ப யாருக்கும் ஒன்னும் ஆகலன்னு மொதல்ல அறிவிச்சாங்க, அப்பறம் நாளாக நாளாக நூறு பேருக்கு மேல மூளை பாதிப்புன்னு எண்ணிக்கை ஏறுச்சு. அவ்வளவு வசதி இருக்கற பட்டாளத்துலயே அன்னிக்கு தெரியல.

1915லயே சார்லஸ் மையர்ஸ்னு ஒரு டாக்டர் பிரிட்டிஷ் பட்டாளத்து சிப்பாய் மூணு பேர பத்தி எழுதியிருக்காரு, பக்கத்துல ஷெல் விழுந்தப்பறம் ஞாபகம், பார்வ, வாசனை, ருசி எல்லாம் பாதிச்சிருக்கு. இத கேட்டப்ப அண்ணன் மொதல் தடவையா நிமிந்து உக்காந்தாரு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சிப்பாய்க்கு இதே மாதிரி ஆயிருக்குன்னு தெரிஞ்சது அவருக்கு எந்த மாத்திரையவிடவும் பெருசா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து எங்க அம்மாகிட்ட அதத்தான் மொதல்ல சொன்னாரு.

அடுத்து சைக்காலஜிஸ்ட் மேடம். பிடிஎஸ்டி, அதாவது பயங்கரமான சம்பவத்துக்கு அப்பறம் மனசுல ஆறாம நிக்கற நோய், அது இருக்கான்னு பாக்க பிசிஎல் 5னு 20 கேள்வி இருக்கு, ஒவ்வொன்னுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் மார்க்கு, போன ஒரு மாசத்துல எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. பேப்பர கைல குடுத்து நீங்களே டிக் பண்ணுங்கன்னு விடல, நம்ம பேச்சுத் தமிழ்ல ஒவ்வொன்னா கேட்டு அவங்களே குறிச்சுக்கிட்டாங்க. கனவு, அந்த எடத்துக்கே திரும்ப போயிட்ட மாதிரி ஆகறது, அத ஞாபகப்படுத்தற ஆளு எடம் எல்லாத்தையும் ஒதுக்கறது, நான்தான் காப்பாத்தாம விட்டேன்னு குத்தம் சுமக்கறது, எப்பவும் உஷாரா இருக்கறது இப்படி போகுது. மார்க்கு மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம், தனியா பேசித்தான் சொல்லுவோம்னாங்க, அப்படித்தான் செஞ்சாங்க. தூக்கமின்மை, கோவம், மறதி எல்லாம் மூளை அடி, பிடிஎஸ்டி ரெண்டுலயும் வரும், தலைசுத்தல், வெளிச்சம் ஆகாதது, வாசனை போறது எல்லாம் மூளை அடிய காட்டும், கெட்ட கனவும் ஒதுங்கிப் போறதும் பிடிஎஸ்டிய காட்டும், ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள பின்னிக் கெடக்கறப்ப இது எதனால வருதுன்னு கோடு போட்டு பிரிக்க முடியாது, பிரிச்சுட்டுத்தான் வைத்தியம்னு காத்திருக்கவும் வேணாம்னு சொன்னாங்க. நரம்புக்கு ஒரு ஆஸ்பத்திரி மனசுக்கு ஒரு ஆஸ்பத்திரின்னு அலைஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும், ஒரு எடத்துல குடுக்கற மாத்திர இன்னொரு எடத்துக்கு தெரியாது.

சாகணும்னு தோணுதான்னும் நேரா கேட்டாங்க. சுத்தி வளைக்கல. அப்படி கேட்டா அந்த நெனப்பு வந்துரும்னு நம்மாளுங்க பயப்படறாங்க, கேட்டா வராதாம். அண்ணன் பேங்க்ல செக்யூரிட்டி, சொந்த லைசென்ஸ்ல துப்பாக்கி வச்சிருக்காரு, எக்ஸ் சர்வீஸ்மேன் நெறைய பேருக்கு இந்த வேலைதான கெடைக்குது. டாக்டர் அத கேட்டு தெரிஞ்சுக்கிட்டு, எலக்ஷன் டைம்ல ஸ்டேஷன்ல ஒப்படைக்கறீங்கல்ல, அதே மாதிரி கொஞ்ச நாளைக்கு வீட்ட விட்டு வெளிய வைங்கன்னாரு. அண்ணனுக்கு ரொம்ப கஷ்டம். "துப்பாக்கிய வாங்கிட்டா என்ன பைத்தியம்னு எழுதிட்டீங்கன்னு அர்த்தமா சார்"னு கேட்டாரு. "காய்ச்சல்ல கெடக்கற ஜவான செண்ட்ரிக்கு அனுப்புவீங்களா நீங்க"ன்னு டாக்டர் திருப்பி கேட்டாரு, அதுக்கப்பறம் ஒத்துக்கிட்டாரு. வீட்ல துப்பாக்கி இருக்கற எல்லாரும் இத கவனிங்க, தயவுசெஞ்சு கவனிங்க.

ட்ரீட்மெண்ட் பத்தி. மொதல்ல தூக்கம். பழைய தூக்க மாத்திரைய படிப்படியா கொறச்சு நிறுத்துனாங்க, அல்பிரசோலம் குளோனசிபாம் வகை மாத்திரைங்க பிடிஎஸ்டிக்கு நல்லதில்ல, மறதியையும் தள்ளாட்டத்தையும் கூட்டும், ஆனா நீங்களா ஒரே நாள்ல நிறுத்துனா வலிப்பு வரலாம், டாக்டர் சொல்லாம செய்யாதீங்க. குறட்டை இருக்கான்னு கேட்டு தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்கச் சொன்னாங்க. தலைவலிக்கு மெடிக்கல்ல தெனம் மாத்திர வாங்கி போட்டுக்கிட்டு இருந்தாரு, மாசத்துல 15 நாளுக்கு மேல போட்டா அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்குமாம், அதையும் நிறுத்துனாங்க, நிறுத்துன புதுசுல வலி கூடிட்டு அப்பறம்தான் எறங்குச்சு. சரக்க பத்தி திட்டவே இல்ல, 10 கேள்வி கேட்டு அளவு பாத்தாங்க, தூங்கறதுக்காக குடிக்கறாருன்னு புரிஞ்சுக்கிட்டு தூக்கத்த சரி பண்ண பண்ண இத கொறச்சாங்க. மருந்துல செர்ட்ராலின், வேலை செய்ய நாலு ஆறு வாரம் ஆகும்னு மொதல்லயே சொன்னாங்க. கெட்ட கனவுக்கு பிரசோசின் வேணும்னு நான் எங்கயோ படிச்சத வச்சு கேட்டேன், 2018ல அமெரிக்காவுல மாஜி படைவீரர்களுக்கு குடுத்து பாத்த பெரிய ஆய்வுல மருந்தே இல்லாத சும்மா மாத்திரையவிட அது நல்லா வேலை செய்யல, சில பேருக்கு கேக்கும், மொதல்ல பேச்சு சிகிச்சை பாப்போம்னாரு. இப்படி காரணம் சொல்ற டாக்டருங்க கம்மி.

பேச்சு சிகிச்சைதான் இதுல முக்கியம், கஷ்டமும் அதுதான். அன்னைக்கு நடந்தத கண்ண மூடி, இப்ப நடக்கற மாதிரியே, திரும்பத் திரும்ப சொல்ல வைப்பாங்க, அத போன்ல ரெக்கார்ட் பண்ணி வீட்ல தெனம் கேக்கணும். பொதுவா 8ல இருந்து 15 செஷன் வரைக்கும் போகுமாம், ஒவ்வொன்னும் ஒன்றர மணி நேரம். ஆரம்பத்துல ராத்திரி கனவு ஜாஸ்தியாச்சு, மதினி போதும் நிறுத்திரலாம்னே சொன்னாங்க, இது வரும்னு மேடம் முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால தாக்குப்பிடிச்சோம். இன்னொரு பக்கம், அவரு பயந்து ஒதுக்குன எடத்தையெல்லாம் லிஸ்ட் போட்டு லேசுல இருந்து கஷ்டத்துக்கு வரிசையா, மொதல்ல டீக்கடைல கதவுக்கு முதுகு காட்டி உக்காரறது, அப்பறம் பஸ்ல நடு சீட்டு, அப்பறம் மாட்டுத்தாவணில கூட்ட நேரத்துல நிக்கறது, அப்படி. எழவு வேட்டு லிஸ்ட்ல கடைசி.

மூளை பக்கத்துக்கு பிசியோ தம்பி ஒருத்தரு. கட்டவெரல கண்ணுக்கு நேரா வச்சு அதையே பாத்துக்கிட்டு தலைய மட்டும் திருப்பற பயிற்சி, ஒத்தக்கால்ல நிக்கறது, இதெல்லாம் தலைசுத்தலுக்கு. மறதிக்கு சட்டப்பைல சின்ன நோட்டு, போன்ல அலாரம், சாவி கண்ணாடி பர்ஸ் வைக்க ஒரே எடம். கேக்க சின்ன விஷயமா இருக்கும், வீட்ல பாதி சண்ட இதுலயே நின்னுச்சு. காதுக்கு ஆடியோகிராம்னு கேக்கற தெறன் டெஸ்ட்ட வேற எடத்துல எடுக்கச் சொன்னாங்க, கேக்கற தெறனே கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சது, கூப்டா திரும்பாம இருந்தது திமிரு இல்ல.

வீட்டாளுங்களுக்கும் தனி செஷன் உண்டு. கனவுல கத்துறப்ப தொட்டு எழுப்பாதீங்க, கால்மாட்டுல கொஞ்சம் தள்ளி நின்னு லைட்ட போட்டுட்டு பேரச் சொல்லி கூப்டுங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க, மதினி அதுவரைக்கும் ரெண்டு தடவ அடி வாங்கியிருக்காங்க, வெளிய சொன்னதில்ல. தெருவுல விசேஷம்னா எத்தன மணிக்கு வெடின்னு முன்கூட்டியே அவருகிட்ட சொல்லிரணும். திடீர்னு கேக்கறதுதான் ஆகாது, தெரிஞ்சு கேட்டா சமாளிச்சுக்கறாரு.

சர்வீஸ்ல இருந்தப்பவே ஏன் சொல்லலன்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். பட்டாளத்துல ஷேப்னு மெடிக்கல் கேட்டகிரி இருக்கு, அதுல மொத எழுத்தே மனநலம், அப்பறம் காது, கை கால், ஒடம்பு, கண்ணு. இதுல எதுலயாச்சும் எறங்குனா லோ மெடிக்கல் கேட்டகிரி, ப்ரமோஷன், போஸ்டிங், கோர்ஸ் எல்லாத்துலயும் உதைக்கும். நாயப் சுபேதார் ஆகணும்னு இருக்கறவன் தலை சுத்துதுன்னு எம்ஐ ரூம்ல, அதாவது யூனிட் டாக்டர்கிட்ட போயி நிப்பானா சொல்லுங்க. இது மாறணும், வெடிச்ச எடத்துல இருந்த ஒவ்வொருத்தரையும் அவரு சொன்னாலும் சொல்லாட்டியும் அன்னிக்கே கட்டாயமா பாத்து எழுதி வைக்கணும். அமெரிக்காவுல 2006லயே மேஸ்னு ஒரு பரிசோதனை கொண்டு வந்தாங்க, களத்துலயே மெடிக் கேட்டு முடிக்கற அளவுக்கு சின்னது. அன்னிக்கு எழுதி வச்ச ஒரு காயிதம் இருந்தா பின்னாடி டிசபிலிட்டி பென்ஷனுக்கு சர்வீஸ்னாலதான் வந்துச்சுன்னு காட்டறதுக்கும் ஒதவும், எங்க அண்ணனுக்கு அந்த காயிதம் இல்ல.

இப்ப எப்படி இருக்காருன்னா, முழுசா சரியாகல. வாசனை வரல, வராமலே போகலாம்னு சொல்லிட்டாங்க, காது சத்தமும் இருக்கு. தலைவலி நல்லா கொறஞ்சிருக்கு, ராத்திரி தூங்கறாரு, தங்கச்சி மகன் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதற எடத்துல உக்காந்திருந்தாரு. எழவுக்கு இன்னும் போறதில்ல, மறுநாள் போயி கேட்டுட்டு வர்றாரு, பங்காளிங்களும் புரிஞ்சுக்கிட்டாங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, மாடில இருக்கு, லிஃப்ட் இல்ல, படி செங்குத்து. தலைசுத்தல் பேஷண்ட்டுக்கு வைத்தியம் பாக்கற எடத்துல இப்படி இருக்கக் கூடாது. வெயிட்டிங் ஹால்ல ஒரு ட்யூப்லைட் மினுக்கிக்கிட்டே இருக்கு, சொல்லியும் மாத்தல. இந்த பேச்சு சிகிச்சைக்கு ஒரே ஒரு மேடம்தான், அவங்க லீவுன்னா செஷன் தள்ளிப்போகும், பாதில விட்டா இந்த சிகிச்சைல கஷ்டம். அப்பறம் காசு. எக்ஸ் சர்வீஸ்மேன் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் லிஸ்ட்ல இவங்க இல்ல, அதனால எல்லாம் கைக்காசு, எங்க ஊர்க்காரங்களுக்கு அது சின்ன தொகை இல்ல. தனியா இன்சூரன்ஸ் வச்சிருந்தா கேட்டுப் பாருங்க, 2017 மனநல சட்டப்படி ஒடம்பு நோய்க்கு இருக்கற அதே அடிப்படைல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்.

முடியாதவங்க ஈசிஹெச்எஸ் பாலிகிளினிக்ல ரெஃபரல் வாங்கி லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரிக்கு போகலாம், மதுரை கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரில மனநலம் நரம்பு ரெண்டு டிபார்ட்மெண்ட்டும் இருக்கு. எங்க போனாலும் வெடி விபத்துல இருந்தத நீங்களே வாயத் தொறந்து சொல்லுங்க, கேப்பாங்கன்னு காத்திருக்காதீங்க. அவசரம்னா டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல உதவி போன் 14416, எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கெடையாது.

போறவங்க டிஸ்சார்ஜ் புக், பழைய மெடிக்கல் பேப்பர், இப்ப சாப்பிடற எல்லா மாத்திர அட்டையும் எடுத்துட்டு போங்க, கூடவே வீட்ல இருக்கற ஒருத்தர் கண்டிப்பா போகணும், பேஷண்ட் சொல்லாதத அவங்கதான் சொல்லுவாங்க. போன் பண்ணி டோக்கன் போட்டுட்டு போங்க. சாயங்காலம்தான் பாக்கறாங்க, சனிக்கிழம கூட்டம் ஜாஸ்தி, வார நடுவுல போனா நிதானமா பேசுவாங்க. கார் நிறுத்த எடம் இல்ல, டூவீலருக்கு மட்டும் கீழ இருக்கு.